கள்ள நோட்டு விளக்கில் ஒரு ரயில்

கம்பத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும், நான் மாமா என்று கூப்பிடும் நண்பருக்கும் எனக்கும் ஒரே கிறுக்கு: பழைய தகர ரயில் பொம்மைகள். ஆனால் அசலா போலியா என்று பார்ப்பதில் நான் அவர் கால்தூசி பெறமாட்டேன். அசலில் நிறத்தைத் தகட்டில் அச்சடித்துவிட்டுத்தான் மடிப்பார்கள்; மடிப்பின் இடுக்கில் பெயிண்ட் வழிந்திருந்தால் போலி என்பார். அட்டைப் பெட்டியைக் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கில் காட்டுவார். பழைய அட்டை மங்கலாகக் கிடக்கும், புதியது பளீரென்று வெளுக்கும்.

அவர் வீட்டு அலமாரியில் மேல் தட்டு அசலுக்கு, கீழ்த் தட்டு போலிக்கு. யார் கெஞ்சினாலும் தட்டு மாறாது. மேல் தட்டின் நடுவில், சாவி கொடுத்தால் ஓடும் பச்சை இன்ஜின் ஒன்று அதன் அட்டைப் பெட்டியோடு இருந்தது. காலமான மாமனார் ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

போன மாதம் அதே மாதிரி இன்ஜின், அட்டைப் பெட்டியோடு எனக்கும் சிக்கியது. தேனியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டார். என் பெட்டி மங்கலாகவே கிடந்தது.

"அசலு மாப்ள! அடிச்சிட்டீகளே யோகத்த!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜோடியாக வைத்துப் பார்க்கலாம் என்று தன்னுடையதையும் எடுத்து வந்தார். அவர் பெட்டி பளீரென்று வெளுத்தது.

"பெட்டி மட்டும் புதுசா இருக்கும் மாமா," என்றேன் அவசரமாக. அவர் இன்ஜினைத் திருப்பினார். இடுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட். அந்தப் பாழாய்ப்போன விளக்கை உடைத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

"பொண்ணு குடுத்தவுக குடுத்தத எவன் விளக்குல காட்டிப் பாப்பான்?" என்றார் மெதுவாக.

டீயோடு வந்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டார். நண்பர் ஒரு வார்த்தை மழுப்பியிருந்தால் போதும், நானும் தலையாட்டியிருப்பேன். அவர் மழுப்பவில்லை.

"ஒங்க அத்தா குடுத்தது அசல் இல்லம்மா."

மனுஷன் என்றால் இவர்தான் மனுஷன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவுக ஏமாந்து வாங்கியிருப்பாக," என்றார் அந்த அம்மா. "நம்மள ஏமாத்த வாங்கல."

"மேலயே இருக்கட்டுமே மாமா," என்றேன்.

"அப்ப மத்தவுக வண்டிய எந்த மூஞ்சியோட பாக்குறது?" இன்ஜினை எடுத்துக்கொண்டு கீழ்த் தட்டுக்குக் குனிந்தார்.

"இருங்க," என்று டீயைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மா முன்னால் போனார். முந்தானையால் தட்டின் தூசியை ஒரு மூலை விடாமல் துடைத்தார்.

"இப்ப வைங்க. எங்க அத்தா குடுத்தது."