இரண்டு தகடுகளும் ஒரு புத்தகமும்

வாகனம் வாங்கும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் கையெழுத்து வைப்பார்கள். அதை உடைக்கக் கொடுக்கும்போது வைக்கிற கையெழுத்தை வாங்குவது எங்கள் தொழில். இத்தாலியில், பலேர்மோ நகரத்தின் ஓரத்தில், பழைய கார் உடைக்கிற யார்ட் ஒன்றில் எட்டு வருஷம் இருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று அடுத்தவர் ஆத்திரத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிறவராக இருந்தால் உங்களுக்கு என் பாடு விளங்கும். இப்போது ஸ்ஃபெர்ராகவால்லோ என்கிற கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் கழுவுகிறேன். கிறீஸ் நாற்றம் போய் மீன் நாற்றம் வந்திருக்கிறது. எனக்குப் பழைய நாற்றம்தான் பிடிக்கும்.

முதல் நாள்

அதுவரை நான் லிபெர்த்தா வீதியில் பணக்கார வீடுகள் துடைத்தவன். உடைக்க வந்த காரில் முதலில் எண்ணெயையும் பற்றரியையும் கழற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணாடிகளை மினுக்கி, உள்ளே கூட்டியும் விட்டேன். முதலாளி சால்வோ அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு எப்ப கலியாணம்?"

பக்கத்து ஆசனம்

சட்டம் சின்னதுதான். இலக்கத் தகடு இரண்டும், லிப்ரெத்தோ என்கிற வாகனப் புத்தகமும் எங்கள் கைக்கு வரவேண்டும். அரசாங்கப் பதிவேட்டில் வாகனத்தை வெட்டிவிடுவார்கள். பிறகு அது றோட்டில் ஏறவே கூடாது.

பொலிதேயாமா தியேட்டர் பக்கமிருந்து ஒரு வயதான சிஞ்ஞோரா, செத்துப்போன கணவரின் காரைக் கொண்டுவந்தார். கையெழுத்து வைத்த பிறகு, கேற் வரைக்கும் ஒருதரம் ஓட்டிக் காட்டச் சொன்னார். முடியாது என்றேன். அவர் போய் முன் ஆசனத்தில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். என்னை ஸ்டியரிங் பக்கம் இருக்கச் சொன்னார். ஆறுதலாக ஏதாவது சொல்வோமென்று வாயைத் திறந்தேன். "சும்மா இரு," என்றார். "ஓட்டும்போது அவரும் கதைக்க மாட்டார்."

யோகன் அண்ணை

யோகன் அண்ணை வன்னி ஆள். மரக்கறி ஏற்றித் திரிந்த அவருடைய வான் விபத்தில் அடிச்சட்டமே முறுகி, திருத்த ஏலாது என்று எழுதப்பட்டு எங்களிடம் வந்தது. தகடுகளைத் தானே கழற்றி, புத்தகத்தோடு ஒரு பையில் போட்டுக் கக்கத்தில் வைத்திருந்தார். தரமாட்டேன் என்றார். தராவிட்டால் வானில் கைவைக்க ஏலாது. சட்டப்படி அது உயிரோடுதான் இருக்கும், வருகிற வில்லங்கமெல்லாம் அவர் தலையில்தான் விழும்.

மூன்று தரம் வந்தார், மூன்று தரமும் பையோடு திரும்பிப் போனார். நாலாம் தரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உடைஞ்ச வானின்ரை தகட்டை வைச்சு என்னண்ணை செய்யப் போறியள்?" என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை.

"கடைசிச் சண்டையிலை மோட்டார் சைக்கிளை றோட்டோரம் விட்டிட்டு ஓடினனாங்கள். பிறகு ஆமிக்காரர் எல்லா வாகனத்தையும் ஒரு வெளியிலை குவிச்சு வைச்சிருந்தவங்கள். புத்தகம் வைச்சிருந்தவன் நம்பரைப் பாத்துத் தன்ரையை எடுத்தான். இதை உங்களிட்டைத் தந்திட்டால், நாளைக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

சான்றிதழ்

கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. உடைப்புச் சான்றிதழை எடுத்து, ஒவ்வொரு வரியாக அவருக்குத் தமிழில் சொன்னேன். அவருடைய பெயர், வானின் இலக்கம், எங்கள் முத்திரை. "வான் உங்கடை எண்டு இதிலை இருக்கண்ணை. இஞ்சை முடிஞ்சுது எண்டும் இருக்கு. இது உங்களிட்டைத்தான் இருக்கும்."

தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தகடுகளையும் புத்தகத்தையும் எடுத்துத் தந்தார். பை வெறுமையாகிவிட்டது என்று நினைத்தேன். அடியிலிருந்து பொலித்தீனில் சுற்றிய இன்னொரு புத்தகம் வந்தது, மோட்டார் சைக்கிளின் புத்தகம். "அந்தக் குவியலிலை மூண்டு நாள் தேடினனான் தம்பி, கிடைக்கேல்லை. இதுக்கும் உப்பிடி ஒண்டு எழுதித் தரேலுமோ?"

எட்டு வருஷத்தில் எத்தனையோ வாகனங்களைப் பதிவேட்டில் வெட்டுவித்தவன் நான். வெட்ட முடியாமல் போனது, எங்கள் கேற்றுக்குள்ளேயே வராத அந்த ஒரு மோட்டார் சைக்கிளைத்தான்.