அர்டீலியா வீனி எதையும் சும்மா நம்பியதில்லை

பேராயரிடமிருந்து வந்த கடிதத்தை அர்டீலியா வீனி மூன்று தடவை படித்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாராம். அவருடைய கணவர் லெமுவேல் இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னார். கடிதத்தில் மறைவாக ஒன்றும் இல்லை. கறுப்பு மக்கள் தங்கள் கையால் கட்டி எழுபத்தாறு வருடம் ஆராதித்து வந்த புனித சிப்ரியான் சிற்றாலயம் அந்தக் கோடையோடு மூடப்படும், அவர்கள் எல்லாரும் இரண்டு மைல் தள்ளியிருக்கும், வெள்ளைக்காரர்களாகிய எங்கள் திரித்துவ ஆலயத்துக்கே வரலாம், இனி எல்லாரும் ஒரே குடும்பம் என்று எழுதியிருந்தது. அது 1965. எழுபத்தாறு வருடமாக நினைவுக்கு வராத குடும்பம் இப்போது எதற்காக வருகிறது என்று அர்டீலியா லெமுவேலிடம் கேட்டாராம்.

எங்கள் ஊர் டேம்ரன் கிரீக், வர்ஜீனியாவின் கடலோரத்தில் இருக்கிறது. அர்டீலியாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பதினாறு வயதிலிருந்து சிப்பி உரிக்கும் கொட்டகையில் வேலை. இடது கை முழுக்கக் கத்திக் கீறல்கள். அதிகம் பேசமாட்டார். எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடு என்பதுபோல இருக்கும் அந்தப் பார்வை.

சிப்ரியான் ஆலயத்தில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் பதினான்கு பேர் பாப்டிஸ்ட் சபைக்குப் போய்விட்டார்கள். எங்களிடம் வந்தவர்கள் ஒன்பது பேர். முதல் இரண்டு மாதம் அவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நாங்களும் நன்றாகவே நடந்துகொண்டோம் என்றுதான் நினைத்தோம். கை குலுக்கினோம், காப்பி கொடுத்தோம்.

எங்கள் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறுதான் திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் மண்டியிடுவோம். குருவானவர் அப்பத்தைக் கையில் வைப்பார், பிறகு ஒரே வெள்ளிப் பாத்திரத்தை ஒவ்வொருவர் வாயிலும் சாய்ப்பார். வாய் வைத்துக் குடிக்க விரும்பாதவர்கள் அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துச் சாப்பிடலாம். அதற்கு அனுமதி எப்போதும் உண்டு. ஆனால் யாரும் அப்படிச் செய்ததில்லை.

மூன்றாவது மாதம் அர்டீலியா மட்டும் முன்னால் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். அதனால் பாத்திரம் அவருக்கு முதலில் போனது, எங்களுக்கு அவருக்குப் பின்னால் வந்தது. அன்றைக்குப் பதினொரு பேர் அப்பத்தைத் தோய்த்தார்கள். நான்காவது மாதம் அவர் மறுபடியும் கடைசிக்குப் போனார். எல்லாரும் வாய் வைத்துக் குடித்தார்கள். ஐந்தாவது மாதம் முன்னால் வந்தார். பதினொரு பேர் தோய்த்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் அவர் நேராகக் குருவானவர் டால்காட்டிடம் போனார். நல்ல மனிதர், ஆனால் சண்டை என்றாலே வியர்த்துவிடும். குளிர்காலம், ஊரெல்லாம் ஜலதோஷம், அதனால் சிலர் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்று ஏதோ சொன்னார்.

"நான் முன்னால உக்காந்தா மட்டும் வர்ற ஜலதோஷமா இருக்கே, ஐயா," என்றார் அர்டீலியா.

லெமுவேல் அன்றோடு உள்ளே வருவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆலயத்துக்கு வெளியே வண்டிக்குள்ளேயே செய்தித்தாள் படித்துக்கொண்டு காத்திருப்பார். அர்டீலியா மட்டும் ஏன் விடாமல் வந்தார் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒருமுறை கேட்டேன். தன் ஆலயத்தை மூடிவிட்டுக் கொடுத்த இடம் இது, இதையும் விட்டுவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று திருப்பிக் கேட்டார்.

அந்த மாதங்களில் அவர் மிகவும் சந்தேகப்பட்டது தோய்த்தவர்களை அல்ல. அவர்களைப் பற்றித்தான் அவருக்குத் தெரிந்துவிட்டதே. அவர் சந்தேகப்பட்டது மிஸ் மினாவை. வில்ஹெல்மினா கிரெஷம், அறுபத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவர், ஆலயத்தின் முதல் வரிசை நான்கு தலைமுறையாக அவர் குடும்பத்துக்கு. பீடப் பணிக்குழுவின் தலைவியும் அவர்தான். அதாவது பீடத்து விரிப்புகள், வெள்ளிப் பாத்திரங்கள், மெழுகுவர்த்திகள், பூக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அர்டீலியா எங்கே மண்டியிட்டாலும் மிஸ் மினா தன் வரிசையை விட்டு எழுந்து போய் அவருக்கு அடுத்தபடியாக மண்டியிடுவார். பாத்திரம் வந்ததும் அதே இடத்தில் வாய் வைத்துக் குடிப்பார். ஒரு புன்னகையோ ஒரு வார்த்தையோ கிடையாது.

கண்காணிப்பதற்காக வருகிறார் என்று அர்டீலியா முடிவு கட்டினார். எதை என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வசந்த காலத்தில் மிஸ் மினா அவரைப் பணிக்குழுவில் சேரச் சொன்னார். நானும் அதே வாரம் சேர்ந்தேன். எனக்கு இருபத்தாறு வயது, ஊர்ப் பள்ளியில் டீச்சர். அர்டீலியா ஒரு நிமிடம் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டுத் தன் நிபந்தனைகளைச் சொன்னார்.

"துணி துவைக்க ஆள் வேணும்னா அதுக்கு ஊர்ல வேற ஆள் இருக்காங்க. நான் வந்தா வெள்ளியையும் தொடுவேன், பீடத்தையும் அடுக்குவேன். அப்புறம், இங்க எல்லாரும் என்னை அர்டீலியான்னு கூப்பிடறீங்க. நான் உங்களை மினான்னு கூப்பிடறதில்ல. என்னை மிஸஸ் வீனின்னு கூப்பிடுங்க."

மிஸ் மினா, "சரி, மிஸஸ் வீனி. சனிக்கிழமை பத்து மணி," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமைகளில் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் நாங்கள் மூன்று பேரும் வேலை செய்வோம். அர்டீலியா பாத்திரங்களைத் தனியாகத் தொடவே மாட்டார். எடுக்கும்போதும் வைக்கும்போதும் "பாத்துக்கோங்க" என்று எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார். எனக்கு முதலில் அது விநோதமாக இருந்தது. ஏதாவது ஒரு தட்டு காணாமல் போனால் முதலில் யார் பெயர் வரும் என்று யோசித்துப் பார்க்க எனக்குப் பல வாரங்கள் ஆயின.

ஆலயத்தின் பின்சுவர்த் தட்டில் எங்கள் ஆலய வரலாறு என்ற பன்னிரண்டு பக்கப் புத்தகம் வைத்திருக்கும். மிஸ் மினாவின் அப்பா எழுதியது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் படகுகள் எங்கள் ஓடைக்குள் வந்தபோது, இந்த வெள்ளிப் பாத்திரத்தை "விசுவாசமுள்ள ஓர் ஊழியன்" ஒளித்து வைத்துக் காப்பாற்றினான் என்று அதில் ஒரு பத்தி உண்டு. அந்தக் காலத்தில் ஊழியன் என்றால் அடிமை. நாங்கள் எல்லாரும் பெருமையாகச் சொல்லும் கதை அது. அர்டீலியா அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, அந்த ஊழியனுக்குப் பெயர் இல்லையா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. குதிரையின் பெயர்கூட நாலாம் பக்கத்தில் இருக்கிறதே என்றார். இருந்தது. அந்தக் காலத்துக் குருவானவருடைய குதிரை.

அவருக்கு ஒரு பெயர் தெரிந்திருந்தது, அதற்கான கதைதான் தெரியாது. அவருடைய அப்பா பழைய மாவட்டச் சிறையைக் கடக்கும்போதெல்லாம் "ஐஷம்" என்று முணுமுணுப்பாராம். கேட்டால், வெள்ளிக்காகச் செத்தவர் என்பதற்கு மேல் சொல்லமாட்டாராம். பெயரில்லாத கதை ஒரு பக்கம், கதையில்லாத பெயர் ஒரு பக்கம். இரண்டும் ஒரே ஆளுடையது என்ற சந்தேகம் வந்தபின் அர்டீலியாவால் சும்மா இருக்க முடியவில்லை. ஆலயக் குழுவின் பழைய கூட்டக் குறிப்புகள் அந்த அறையிலேயே ஒரு சுவர் அலமாரியில் பூட்டியிருந்தன. சாவி மிஸ் மினாவிடம் இருந்தது. கேட்டார்.

மிஸ் மினாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். சாவியை வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்றார். மூன்று வாரம் போனது. பக்கங்களைக் கிழிக்க மூன்று வாரம் தாராளமாகப் போதும் என்று அர்டீலியா என்னிடம் சொன்னார். நான் மிஸ் மினாவுக்காக ஏதோ பரிந்து பேசினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் சந்தேகம் விழுந்துவிட்டது.

நான்காவது சனிக்கிழமை சாவி மேஜைமேல் இருந்தது. அர்டீலியா 1860-களின் புத்தகத்தை எடுத்ததும் படிக்கவில்லை. தையல் ஓரமாக விரல் வைத்து, கிழித்த அடையாளம் இருக்கிறதா என்று முழுப் புத்தகத்தையும் தடவிப் பார்த்தார். ஒரு பக்கமும் போகவில்லை. நடுவில் மட்டும் ஒரு புது நீல ரிப்பன் செருகியிருந்தது.

அந்தப் பக்கத்தை என்னை வாசிக்கச் சொன்னார். 1867, ஏப்ரல் 9. பீடத்தின் கீழ்ப் பலகையைத் தச்சர் பெயர்த்தபோது பாத்திரம் கம்பளித் துணியில் சுற்றியபடி கிடைத்தது. அது ஆலயத்தை விட்டு வெளியே போகவே இல்லை என்று தெரிகிறது. 1862-இல் நமது புகாரின் பேரில் சிறையில் வைக்கப்பட்ட, நம் ஆலயத்தில் மணியடித்துவந்த ஐஷம் அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டபடியால், இதுகுறித்து மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. கையெழுத்து, ஆலயக் கண்காணிப்பாளர் தியோஃபிலஸ் கிரெஷம்.

முன்னால் நான்கைந்து பக்கங்களில் மீதியும் இருந்தது. ஒளித்து வைக்கச் சொன்னவர் குருவானவர். என்னைத் தவிர யாரிடமும் இடத்தைச் சொல்லாதே என்று ஐஷமிடம் சொல்லிவிட்டு, அதே மாதம் காய்ச்சலில் இறந்துபோனார். கண்காணிப்பாளர் கேட்டபோது ஐஷம் இதைச் சொன்னாரே தவிர, இடத்தைச் சொல்லவில்லை. திருடிவிட்டான் என்று புகார் போனது.

வாசித்து முடித்துத் திரும்பினேன். மிஸ் மினா வாசலில் நின்றிருந்தார்.

"தியோஃபிலஸ் எங்க தாத்தா," என்றார். "நான் பத்தொம்பது வயசுல இதைப் படிச்சேன். யாராவது வந்து சாவி கேப்பாங்கன்னு அன்னியிலேருந்து காத்துட்டிருந்தேன்."

அர்டீலியா புத்தகத்தை மூடினார்.

"நாப்பத்தாறு வருஷமா காத்திருந்தீங்களா? சாவி உங்க கையிலதானே இருந்துச்சு, மிஸ் கிரெஷம்?"

மிஸ் மினா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அர்டீலியா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய் விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தார். நான் போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் மெழுகுவர்த்தி துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சபைக்குச் சொல்ல வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் சொல்வது என்பதில்தான். நான் சொன்னால் இட்டுக்கட்டிச் சொன்னேன் என்பார்கள், நீங்களே வாசியுங்கள் என்று அர்டீலியா சொல்லிவிட்டார். 1967 ஜனவரியில், வருடாந்தரக் கூட்டத்தில், எல்லாரும் பன்றியிறைச்சி வைத்த ஹாம் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மிஸ் மினா எழுந்து நின்று அத்தனை பக்கங்களையும் வாசித்தார். தாத்தாவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். திரும்ப ஆரம்பத்திலிருந்து அந்த வரியைப் படித்தார். பழைய குப்பையை எதற்குக் கிளற வேண்டும் என்று ஒருவர் கேட்டார். இரண்டு குடும்பங்கள் அடுத்த ஞாயிறிலிருந்து வரவில்லை. டால்காட் ஐயா அன்றைக்கு வியர்த்தாலும் பின்வாங்கவில்லை. அந்த நவம்பரில், இறந்தோரை நினைக்கும் ஞாயிறன்று, மறைந்தவர்களின் பெயர்களை வாசித்தபோது ஐஷம் என்ற பெயரை முதலாவதாக வாசித்தார்.

லெமுவேலுக்கு இதெல்லாம் திருப்தி தரவில்லை. இவ்வளவு இறங்கி வருகிறார்கள் என்றால் அடுத்து என்ன கேட்கப் போகிறார்களோ என்றார். நானும் அந்த வருடம்தான் ஒருநாள் துணிந்து அர்டீலியாவிடம் சொன்னேன்: அந்த முதல் மாதங்களில் அப்பத்தைத் தோய்த்தவர்களில் நானும் ஒருத்தி.

"தெரியும். பதினொரு பேர்ல நீ மூணாவது," என்றார். "எப்ப சொல்லுவேன்னுதான் தெரியல."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கையிலிருந்த துணியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். மடித்தோம்.

மிஸ் மினா 1971-இல் இறந்தார். அவரை மன்னித்துவிட்டீர்களா என்று அடக்கத்தன்று யாரோ அசட்டுத்தனமாகக் கேட்டார்கள். "அவங்க என்கிட்ட கேக்கவே இல்லையே," என்றார் அர்டீலியா. அதன்பின் பணிக்குழுவுக்கு அவர்தான் பத்தொன்பது வருடம் தலைவி. அடுத்த வருடமே ஆலயக் குழுவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் கூட்டத்தில் வந்த முதல் நான்கு தீர்மானங்களுக்கும் வேண்டாம் என்று கை தூக்கினார். அதில் ஒன்று, ஆர்கன் வாசிப்பவருக்கு நன்றி சொல்லும் தீர்மானம். ஏன் என்று கேட்டதற்கு, தான் வேண்டாம் என்றால் இங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பியதாகச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவதுக்கு ஆதரவு தெரிவித்தார்.

1993 மார்ச்சில் அவர் நுரையீரல் காய்ச்சலில் காலமானார். எங்கள் ஆலய வளாகத்திலேயே அடக்கம். இடத்தை லெமுவேல்தான் தேர்ந்தெடுத்தார். கிரெஷம் குடும்பத்துக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் தருவதாகச் சபை சொன்னதை மறுத்துவிட்டு, தெற்கு வேலியோரம் வெயில் விழுகிற மூலையைக் காட்டினார். ஜெபம் முடிந்து எல்லாரும் கூடத்துக்குச் சாப்பிடப் போனார்கள். லெமுவேல் மட்டும் போகவில்லை. மண்ணைத் தள்ளுகிற இரண்டு ஆட்களுக்கும் நேர் எதிரே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிடப் போனேன்.

"நீங்க போங்க டீச்சர்," என்றார், கண்ணை எடுக்காமல். "இவங்க முழுசா மூடறாங்களான்னு பாத்துட்டு வரேன்."