வரவேற்பு ரோபோவின் பொருள் விவரம்

ட்ரேட்மார்க் அலுவலகத்தின் ஆய்வறிக்கையை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம்தான் வந்தது. விஷயம் இரண்டு வரிதான். நான் விண்ணப்பத்தில் கொடுத்த பொருள் விவரம் தெளிவாக இல்லையாம். எந்த வகுப்பில் என்ன பொருள் என்று ஒரு மாதத்துக்குள் விளக்க வேண்டுமாம்.

ரோபோ என்று எழுதியிருக்கிறேன். ரோபோ என்றால் ரோபோ. இதில் என்ன தெளிவில்லை?

கோவை கணபதியில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் ரோபோ செய்கிறேன். ஐந்தடி உயரம், ஃபைபர் உடம்பு, அடியில் நான்கு சக்கரம். வலது கை பன்னீர் தெளிக்கும். இடது கையில் சந்தனமும் கல்கண்டும் வைத்த தட்டு. செய்வது நான், வேனில் ஏற்றிக்கொண்டு போவது நான், இறக்கி நிறுத்துவதும் நான். வேலைக்கு ஆள் வைத்ததில்லை. வைத்தால் அவனோடு பேச வேண்டும்.

அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். சோமனூர் முதல் கோபி வரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். பிறகு பெருந்துறைப் பக்கம் ஒருத்தர் வெளிநாட்டு மெஷினை இறக்கி, அதன் நெஞ்சில் நான் வைத்த பெயரை ஒட்டி வாடகைக்கு விட்டார். அந்த மெஷின் கிழவி வந்தாலும் குழந்தை வந்தாலும் ஒரே குரலில் 'நல்வரவு' என்றது. திட்டு எனக்கு வந்தது. 'உங்க மெஷின் இந்தத் தடவை சரியில்லீங்களே' என்று நான் போகாத கல்யாணத்துக்கு எனக்கு போன் செய்தார்கள். அந்தக் கோபத்தில்தான் ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெயரைப் பதிவு செய்ய நானே விண்ணப்பத்தைப் போட்டேன்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். சூலூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஏனுங்ணா, ஏழு, ஒன்பது, இருபத்தெட்டு, மூணு வகுப்புலயும் 'அனைத்து வகை ரோபோ'ன்னு போட்டிருக்கீங்களே, எதுக்குங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதானுங்க."

"ஏழுங்கறது ஃபேக்டரியில வெல்டிங் அடிக்கற ரோபோ. இருபத்தெட்டு பொம்மை ரோபோ. நீங்க பொம்மை விக்கறீங்களா?"

"பொம்மைன்னு எவன் சொன்னது?"

"நீங்கதானுங்க எழுதியிருக்கீங்க." சிரிக்காமல் சொன்னார். "இதுல ஒரு சட்டம் இருக்குதுங்ணா. போட்டதுல இருந்து கொறைக்கலாம். புதுசா எதையும் சேக்க முடியாது. அதனால கொறைக்கும்போதே சரியாக் கொறைக்கோணும். உங்க மெஷின் எதுக்கு, எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க."

ஒன்பதாம் வகுப்பில் நான் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தேன். 'செயற்கை நுண்ணறிவால் தானாக இயங்கும் மனித வடிவ ரோபோ மற்றும் அனைத்து வகை ரோபோ.' அந்தத் 'தானாக' என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

"இது நெசமுங்களா?"

"ஆமாங்க."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நான் ஒருக்கா மெஷினைப் பாக்கோணும்" என்றார்.

பொய்தான் சொன்னேன். அந்த மெஷின் தானாக ஒன்றும் செய்யாது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று சொல்லாவிட்டால் அது சாதாரணக் குற்றமில்லை. கல்யாண நெரிசலில் பெண்ணைப் பெற்றவர் ஒரு பங்காளியைக் கவனிக்காமல் விட்டால், அவர் பந்தியில் கை நனைக்காமல் போய்விடுவார். அடுத்த விசேஷத்துக்கு அவரைக் கூப்பிட நாலு பேர் சமாதானம் பேசப் போக வேண்டும். என் மெஷின் யாரையும் விடாது. மாமாவை மாமா என்றும், அம்மாவைப் பெற்றவளை அம்மிச்சி என்றும் சரியான முறை சொல்லிக் கூப்பிடும். அதற்குத்தான் பெயர் வாங்கியது.

எப்படி என்றால், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே அந்த வீட்டின் பழைய ஆல்பங்களை வாங்கிவிடுவேன். எவர் என்ன முறை, எவருக்கு ஆபரேஷன் ஆனது, எவர் மகன் வெளிநாட்டில் என்று கேட்டு எழுதி மனப்பாடம் செய்வேன். மெஷினுக்கு அந்த வீட்டு மகன் முறை. அந்த முறையில்தான் எல்லாரையும் கூப்பிடும். அன்று வாசலில் மெஷின் நிற்கும். பூ அலங்காரத்துக்குப் பின்னால் திரை கட்டி, வாசல் தெரியும் ஒரு ஸ்கிரீன், ஜாய்ஸ்டிக், மைக்கோடு நான் உட்கார்ந்திருப்பேன். என் குரல் சாஃப்ட்வேர் வழியாகப் போய் ரோபோ குரலாக வெளியே வரும். இது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வக்கீலம்மா வந்தது சோமனூர் பக்கம் ஒரு மண்டபத்துக்கு. கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். அப்போது ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு படி ஏறினார். பெண்ணுக்குத் தாய்வழித் தாத்தா.

"வாங்க அப்பிச்சி, வாங்க! முட்டிவலி இப்பத் தேவுலைங்களா?" என்றது மெஷின்.

"அட, இந்தத் தகரத்துக்கு என்ற முட்டிவலி எப்படிடா தெரியும்?"

"ஊட்டுப் பையனுக்குத் தெரியாதுங்களா? மேல ஏறாதீங்க, கீழயே சேர் போட்டிருக்குது."

"என்ற பேரனுங்க ஒருத்தன் கேக்குல. நீ கேக்கற. பேசாம எங்கூடத் தோட்டத்துக்கு வந்துரு. தண்ணி கட்டறயா?"

"சக்கரம் சேத்துல மாட்டிக்குமுங்க அப்பிச்சி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் மெஷின் தலையில் தட்டிவிட்டுப் போனார். நான் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்கிறேன், திரையைத் தூக்கிக்கொண்டு வக்கீலம்மா நிற்கிறார்.

"நெனச்சேனுங்ணா" என்றார்.

கோபத்தில் மைக்கை அணைக்க மறந்து, "இங்கெல்லாம் வரக் கூடாதுங்க" என்று கத்திவிட்டேன். வாசலில் மெஷினும் அதையே கத்தியது. அந்த நேரம் படியில் நின்றது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். "தெருவுல மழை பேஞ்சு வழுக்குது, அங்கெல்லாம் வரக் கூடாதுங்க அத்தை, இப்படி இந்தப் பக்கமா வாங்க" என்று சமாளித்தேன். அன்று மழையே இல்லை.

வக்கீலம்மா காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூட்டம் குறைந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்குங்ணா மறஞ்சு உக்காந்திருக்கறீங்க? முன்னாடி நின்னே ஓட்டலாமே?"

பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் எத்தனை புரோக்கர் கையில் போய் வந்தது என்று நினைவில்லை. என் வயதில் என்னைப் போல ஊருக்கு இருபது பேர் இருக்கிறார்கள், அது எனக்கு ஆறுதல் இல்லை. மண்டபத்தில் போய் நின்றால் 'தம்பிக்கு இன்னும் ஒண்ணும் அமையலைங்களா?' என்று கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள். திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதைக்கு என்ன செய்வது? திரைக்குப் பின்னால் யாரும் கேட்பதில்லை. கடைசிப் பந்தியும் முடிந்த பிறகு சமையல்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்கி வேனில் வைத்துச் சாப்பிடுவேன்.

அவர் அடுத்ததாக ஒன்று கேட்டார். "உங்களை எடுத்துப்போட்டா இந்த மெஷின் என்னங்க பண்ணும்?"

"பன்னீர் தெளிக்கும்."

"பேசாதுங்களா?"

"பேசாது."

"அப்ப விவரத்துல அதைத்தானுங்க எழுதோணும். மெஷின்தான் பொருள். முறை தெரிஞ்சு கூப்பிடறது நீங்க பண்ற சேவை. அதுக்கு வேற வகுப்பு, வேற விண்ணப்பம்."

"அப்ப நான்?"

"நீங்க பொருள் இல்லைங்ணா."

மறுநாள் அவர் ஆபீசில் சண்டை போட்டேன். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 'ஒரு ஆள் இயக்கும் ரோபோ' என்று எழுதினால் பெருந்துறைக்காரர் அதை எடுத்து ஊரெல்லாம் அனுப்புவார். உள்ளே ஒரு கல்யாணமாகாதவன் ஒளிந்துகொண்டு குரல் கொடுக்கிறான் என்று சிரிப்பார்கள். பெயரும் போகும், தொழிலும் போகும்.

"பொய்ய எழுதிப் பேரு வாங்குனீங்கன்னா, மொதல்ல அதைத் தோண்டி எடுக்கறதும் அவருதானுங்ணா" என்றார் வக்கீலம்மா. "அப்ப பேரும் போயிரும், பொய் சொன்னீங்கங்கறதும் சேந்து வெளிய வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவில்லை. பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று பார்த்தேன். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கி ஐந்து நாள் மெஷினில் ஏற்றினேன். போட்டோ கொடுக்க வேண்டும், பெயர் கொடுக்க வேண்டும், முறை கொடுக்க வேண்டும். கொடுத்தால் அதுவே கூப்பிடும். சோதித்துப் பார்க்க ஒர்க்‌ஷாப்பில் இருந்தது நான் மட்டும். என் போட்டோவை ஏற்றினேன். பெயரை அடித்தேன். முறை என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. அப்பா அம்மா இல்லை. அக்காவோடு நிலத்தகராறில் பேச்சு நின்று போய்விட்டது. அவள் பிள்ளைகள் என்னை மாமா என்று கூப்பிட்டு எத்தனையோ வருடம். கட்டத்தைக் காலியாக விட்டு முன்னால் போய் நின்றேன்.

மெஷின், "வாங்க" என்றது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பன்னீர் தெளித்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வக்கீலம்மாவுக்கு போன் செய்தேன். "உள்ளதை எழுதிக்கங்க" என்றேன்.

ஏழையும் இருபத்தெட்டையும் அடித்தார். ஒன்பதில் 'தானாக' போனது. 'செயற்கை நுண்ணறிவு' போனது. நான் எதுக்கும் இருக்கட்டும் என்று போட்டிருந்த 'அனைத்து வகை'க்குள்ளிருந்துதான் புது விவரத்தை வெட்டி எடுத்தார். நான் புத்திசாலித்தனமாக அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும் என்றார். புது விவரம் இதுதான்: 'நிகழ்ச்சிகளில் வருவோரை வரவேற்பதற்காக, மறைவிடத்திலிருந்து ஒருவர் இயக்கி அவர் பேச்சையே பேசவைக்கும் ரோபோ.' வேறிடத்தில் இருக்கும் ஆளை இங்கே இருப்பது போலக் காட்டும் ரோபோ என்று ஒரு இனம் அந்த வகுப்பிலேயே இருக்கிறதாம். அதோடு சேர்ந்து உட்காரும் என்றார்.

விசாரணை வீடியோவில் நடந்தது. அதிகாரி சென்னையில் இருந்தார். காகிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இயக்குறவர் எவ்வளவு தூரத்துல இருப்பார்?"

"முப்பது அடிங்க."

"முப்பது அடியா? அதுக்கு நேராவே வந்து வரவேற்கலாமே?"

வக்கீலம்மா இருமினார். அதிகாரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேள்விகள் முடிந்ததும் எழுதிக்கொண்டார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ட்ரேட்மார்க் இதழில் வெளியானது. நான்கு மாதத்தில் யாரும் எதிர்க்கவில்லை. பதிவான பிறகு அனுப்பிய நோட்டீசைப் பார்த்ததும் பெருந்துறைக்காரர் ஸ்டிக்கரை உரித்துவிட்டார்.

ஆனால் அந்த மாதங்கள் முழுக்க நான் காத்துக்கொண்டிருந்தது வேறொன்றுக்கு. வாட்ஸப்பில் யாராவது அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள் என்று தினமும் பார்த்தேன். எவரும் அனுப்பவில்லை. முன்பதிவு ஒன்றுகூட ரத்தாகவில்லை. நாடறியப் போட்டிருந்த உண்மையை எந்த நாயும் படிக்கவில்லை.

இந்தத் தையில் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா ஆல்பம் கொடுக்க வந்தபோது, வெளியே இருந்து கேள்விப்படுவதற்கு நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது.

"ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. அந்த மெஷின் தானாப் பேசறதில்ல. பின்னாடி உக்காந்து பேசறது நான்தானுங்க."

அவர் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, "அது தெரியுமுங்களே" என்றார்.

"யாரு சொன்னதுங்க?"

"யாருங்க சொல்லோணும்? எங்க பங்காளி ஊட்டுக் கண்ணாலத்துல உங்க மெஷின் நான் சித்தப்பனா பெரியப்பனான்னு எங்கூட ரண்டு நிமிசம் சண்டை போட்டுச்சுங்களே. தகரத்துக்கு அவ்வளவு கோவம் வருமுங்களா? இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியுமுங்க."

ஆறு வருடம். எத்தனை மண்டபம். எத்தனை ஆயிரம் பேருக்கு 'வாங்க' சொல்லியிருப்பேன். அத்தனை பேருக்கும் திரைக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பது தெரியும்.

"தெரிஞ்சும் ஒருத்தரும் ஒருக்காக்கூடப் பின்னாடி வரலையேங்க" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

அவர் ஆல்பத்தை மூடினார். நான் ஏன் கோபப்படுகிறேன் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"நீங்க மறைஞ்சு உக்காந்திருக்கறப்ப வந்து எட்டிப் பாத்தா நல்லா இருக்குமுங்களா? உங்களுக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குதுன்னு வுட்டுப்போட்டமுங்க. ஒரு மரியாதைதானுங்க."

ஆல்பத்தை வாங்கிக்கொண்டேன். அவருடைய மாமனார் யார், கொழுந்தியாள் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

அந்தக் கல்யாணத்துக்குத் திரை கட்டும்போது, கட்டாமல் விட்டால் என்ன என்று கையில் துணியோடு கொஞ்ச நேரம் நின்றேன். வாசலில் பெண்ணின் அப்பா வந்து பார்த்தார், நான் துணியோடு நிற்பதைக் கண்டதும் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரையைக் கட்டி முடித்தேன். முதல் வண்டி வந்து நின்றது. மைக்கைப் போட்டேன்.