ஏழு நூல்கள்

நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த மதுரை ஆஸ்பத்திரியில் ஈரல் நோய்க்கு வியாழக்கிழமை மட்டும்தான் ஸ்பெஷல் ஓ.பி. பெரிய டாக்டர் அன்றுதான் வருவார். மற்ற ஆறு நாளும் சரோஜா வருவாள்.

செல்லூர்க்காரி. அவள் புருஷன் கிருஷ்ணன் தறி நெய்பவர். ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி, நீர் பிரிய மாத்திரை எழுதி, அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார் டாக்டர். மறுநாளே சரோஜா தனியாக வந்து நின்றாள்.

“வயிறு இம்புட்டு வீங்கிருக்கே சிஸ்டர், வியாழக்கெழம வரைக்கும் தாங்குமா?”

வாரம் முழுக்க இதே கேள்வி. எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். அடுத்த ஓ.பி.யில் டாக்டர் டேப் வைத்து வயிற்றை அளந்து குறித்துக்கொண்டதும், அவளைத் தனியே கூப்பிட்டேன்.

“வீட்டுல தறி நூல் இருக்குல்ல? தெனம் காலையில தொப்புளச் சுத்திப் பிடிச்சு, அளவா வெட்டி வையி. வியாழக்கெழம கொண்டு வந்தாப் போதும்.”

உண்மையைச் சொன்னால், அவளை வாசலில் பார்க்காமல் இருக்கத்தான் அந்த யோசனை.

சொன்னபடி ஏழு நூல்கள் கொண்டுவந்தாள். நாளுக்கு நாள் நீளம் குறைந்திருந்தது. பெருமையாக டாக்டரிடம் நீட்டினேன். அவர் டேப் வைத்துப் பார்த்தார். போன வாரத்தைவிட இரண்டு அங்குலம் கூடியிருந்தது. எடையும் ஏறியிருந்தது. நூலை நம்பியிருந்தால் அதே மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார். உடனே அட்மிஷன் எழுதினார்.

சரோஜாவை வராந்தாவுக்கு இழுத்துப்போய், என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“அளக்கும்போது எம் மூஞ்சியவே பாக்குறாரு சிஸ்டர். கூடிருச்சுன்னு எப்பிடிச் சொல்ல? கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சேன்.” அழுதாள். திட்ட வந்த நான் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

வார்டில் படுக்கை விரிக்கும்போது கிருஷ்ணன் மெதுவாகச் சொன்னார்: “அவள வையாதீங்க சிஸ்டர். இருவது வருசம் நூல் இழுத்தவனுக்கு இறுக்கம் தெரியாதா? அவ நிம்மதியா இருக்கட்டும்னு நானும் மூச்சப் பிடிச்சு வயித்த உள்ள இழுத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

நீர் எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள், இரண்டு வாரத்தில் வயிறு தணிந்தது. வீட்டுக்குப் போகும்போது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தேன். அளவை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும், பிறகு நூலை ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும், அதற்கு மேலும் பயமாக இருந்தால் எந்த நாளானாலும் என்னிடம் வரலாம், கோபப்பட மாட்டேன் என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை கொண்டுவந்த ஏழில் நாலாவது நூல் மட்டும் நீளமாகத் தொங்கியது.

“ஞாயித்துக்கெழம எனக்குத் தெரியாம ஊறுகாய் தின்னுட்டாரு சிஸ்டர்,” என்று அவரை வைத்துக்கொண்டே சொன்னாள் சரோஜா. அவர் தலையைக் குனிந்து சிரித்தார்.

அந்த ஒரு நூல் நீளமாக இருந்ததால்தான் மற்ற ஆறையும் நம்பினேன்.