வெள்ளைப் போர்டு மாப்பிள்ளை

கடையில் அவருக்கு விளக்கம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வீட்டு உள்வேலைப் பொருள்கள் விற்கும் அந்தப் பெரிய கடையில் ஜிப்சம் போர்டுப் பிரிவு அவர் பொறுப்பு. தகரச் சட்டத்தை நிறுத்தி, அதன்மேல் போர்டைத் திருகி, பூசிப் பெயின்ட் அடித்துவிட்டால் செங்கல் சுவரா போர்டுச் சுவரா என்று தட்டிப் பார்த்தால்தான் தெரியும். விளக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். முன்பு செருப்பு விற்றார், அதற்கும் முன்பு மின்விசிறி. கையில் இருந்த சரக்குதான் மாறியதே தவிர வாய் ஒன்றுதான்.

வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் மேஜைமேல் போர்டுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலப் பரப்புவார். தொண்டையைச் செருமிக்கொள்வார்.

“ஹாலுக்கு, பெட்ரூம் கூரைக்கு எல்லாம் இந்த சாதா வெள்ளை போதும் சார். பாத்ரூம்னா ஈரம் இருக்கும், அதுக்குப் பச்சை. ஷவர் தண்ணி நேரா அடிக்கிற இடத்துக்குப் பச்சையும் பத்தாது. அங்க சிமெண்ட் போர்டு, அதுமேல வாட்டர்ப்ரூஃப், அப்புறம்தான் டைல்ஸ். அடுப்பு இருக்கற பக்கம் இந்த ரோஸ். தீப்பிடிச்சா நாம வெளிய ஓடற வரைக்கும் தாங்கும். ரெண்டு ரூமுக்கு நடுவுல சத்தம் போகக்கூடாதா? இதோ, இந்தக் கனமான போர்டு. ரெண்டு பக்கமும் ரெண்டு அடுக்கு, நடுவுல பஞ்சு. பக்கத்து ரூம்ல கொலையே நடந்தாலும் நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.”

இதில் ஒரு சொல் தப்பில்லை. விளக்கப் புத்தகத்தை அவர் நெட்டுரு போட்டிருந்தார். கடைசியாக ஒன்று சேர்ப்பாரே, அது மட்டும் புத்தகத்தில் கிடையாது.

“என் வீட்லயே இப்படித்தான் சார் போட்டிருக்கேன்.”

அதைச் சொல்லத் தொடங்கிய காலத்தில் அவர் வீட்டில் இருந்தது முழுக்கச் செங்கல் சுவர்.

போர்டு வைக்கும் யோகம் மாமியார் வடிவில் வந்தது. மாமியார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக மாடி வீட்டில் இருந்தார். படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போனதும், மகள் போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டாள். பின்பக்கத்துப் பெரிய கூடத்தைத் தடுத்து, மாமியாருக்கு ஓர் அறையும் அதை ஒட்டிக் குளியலறையும் கட்டுவது என்று முடிவாயிற்று. மிச்சமாகும் மூலையை விளக்கம் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு ஆபீஸ் ரூம் என்று பெயர்.

கடைக் கிடங்கில் முனை உடைந்த போர்டுகள் கிடந்தன. அத்தனையும் சாதா வெள்ளை. முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். விளக்கத்துக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஆபீஸ் ரூமுக்கு மட்டும் கனமான போர்டும் பஞ்சும் புதிதாக வந்து இறங்கின. அது யோசிக்கிற அறையாம்.

போர்டு மாட்ட வந்த ஃபிட்டருக்கு மதியம் வேறு இடத்தில் வேலை. ஒரு கண் எப்போதும் வாசலில் இருந்தது.

“பாத்ரூமுக்கும் இந்த வெள்ளைதானா சார்?” என்று கேட்டார்.

“ஒத்தை ஆளு. ஒரு வாளித் தண்ணி. அதுக்கு எதுக்குப் பச்சை?”

“உங்க பெட்ரூமுக்கும் அவங்க ரூமுக்கும் நடுவுல பஞ்சு வெக்கணுமா?”

“வேணாம்ப்பா. அவங்களுக்குக் காதே கேக்காது.”

காது கேட்காது என்பது விளக்கத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவர் மாமியாருக்கு எவ்வளவோ விளக்கியிருக்கிறார். ஒன்றுக்கும் மாமியார் பதில் சொன்னதில்லை. காலமெல்லாம் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு இருந்ததில் செவிப்பறை தேய்ந்துவிட்டது என்று அவர் தீர்மானித்துவிட்டார். பதில் சொல்லாமல் இருக்க வேறு காரணமும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“நீங்க சொன்னா சரி சார்” என்று ஃபிட்டர் துளைபோட ஆரம்பித்தார். வயர் மிச்சமாகட்டும் என்று, படுக்கையறை சுவிட்சுப் பெட்டிக்கு நேர் முதுகில் மாமியார் அறைப் பெட்டியையும் வைத்தார். இரண்டு பக்கமும் ஓட்டை. நடுவில் வெறும் காற்று.

மாமியார் குடியேறினார். அன்றிலிருந்து விளக்கத்துக்கு ஒரு புதிய வழக்கம் ஏற்பட்டது. கடையிலிருந்து வந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டை மாற்றியபடியே மனைவியிடம் மாமியாரைப் பற்றிப் பொரிந்து தள்ளுவார்.

“டிவி ரிமோட்டை என்னவோ செங்கோல் மாதிரி கையிலேயே வெச்சிருக்காங்க உங்கம்மா.”

மறுநாள் ரிமோட் அவர் நாற்காலிமேல் இருந்தது.

“காலையில பேப்பர் எனக்கு வர்றப்போ பொட்டலம் மடிச்ச மாதிரி வருது.”

மறுநாள் பேப்பர் மடிப்புக் கலையாமல் அவர் மேஜைக்கு வந்தது. விளக்கம் பூரித்துப் போனார்.

“பாத்தியா? நான் அவங்ககிட்ட வாயே திறக்கல. என் மூஞ்சியைப் பாத்தே புரிஞ்சுக்கறாங்க. இதுக்குப் பேருதான் ஆளுமை.”

ஆளுமை தலைக்கு ஏறிய ஒரு மாலையில், “இடுப்பெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு. அந்தக் கைத்தடி சும்மா நடிப்பு” என்றார். அடுத்த நாள் மாமியார் கைத்தடியை மூலையில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைவரை வந்தார். மகள் பதறிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

“ஏம்மா, தடி எங்க?”

“தேவையில்லையாம்.”

அந்த ‘யாம்’ மகளுக்குச் சுருக்கென்றது. அன்று மாலை விளக்கம் படுக்கையறையில் நின்று நண்பரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். சுவிட்சுப் பெட்டி வழியாகக் கணவரின் குரல் வானொலிச் செய்தி மாதிரி தெளிவாக வந்தது. பேச்சு அவளுடைய சமையலைப் பற்றியது. அவள் எழுந்த வேகத்தைப் பார்த்து அம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

“விடு. சொன்னா நிறுத்திடுவாரு. எனக்குப் பொழுது எப்படிப் போகும்?”

“தடியை மட்டும் கீழ வெக்காதம்மா” என்று சொல்லிவிட்டு மகள் அதோடு விட்டாள்.

இதற்குள் குளியலறைச் சுவர் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. டைல்ஸ் ஒட்டாமல் விட்ட அடிப்பகுதியில் பெயின்ட் கொப்புளித்தது, மூலையில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. தட்டினால் டைல்ஸ் காலிப் பானை போலச் சத்தம் கொடுத்தது.

“மாப்பிள்ளை, சுவரு ஊதுது” என்றார் மாமியார்.

“புதுச் சுவரு அப்படித்தான் அத்தை! மூச்சு விடும்!” என்று விளக்கம் காதருகே குனிந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு கொப்புளத்தைச் சுரண்டி, மேலே இன்னொரு பூச்சு பெயின்ட் அடித்தார். சுவர் அதையும் சேர்த்து ஊதியது.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் அம்மா கடைக்கு வந்தார். சொந்தமாக மருத்துவமனை தொடங்க ஒரு தளம் முழுவதையும் அறை அறையாகப் பிரிக்க வேண்டும், பெரிய வேலை. ஆனால் எதையும் எளிதில் நம்புகிற ஆளில்லை. பச்சை ஏன், ரோஸ் ஏன், பஞ்சு ஏன் என்று கேட்டுவிட்டுப் போய், மறுபடி வந்து முதலிலிருந்து கேட்டார். விளக்கம் வழக்கமான கடைசி வரியைச் சொன்னார்.

“உங்க வீட்டிலயா?” டாக்டர் நிமிர்ந்தார். “அப்ப நான் வந்து பாக்கலாமா?”

விளக்கம் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. “தாராளமா வாங்க மேடம்! இப்பவே போலாம். என் வண்டியிலயே போலாம்.”

வழியெல்லாம் விளக்கம் பேசவில்லை. முதலாளி இரண்டு முறை திரும்பிப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆபீஸ் ரூமுக்குத்தான் அழைத்துப் போனார். டாக்டர் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொள்ள, முதலாளி வெளியே நின்று கைதட்டினார், கூப்பிட்டார், கடைசியில் விசிலும் அடித்தார். உள்ளே எதுவும் கேட்கவில்லை. விளக்கத்துக்கு உயிர் வந்தது. இத்தோடு எல்லாரையும் வாசல்பக்கம் நகர்த்திவிடலாம் என்று பார்த்தார்.

“பிரமாதம்” என்றார் டாக்டர். “எனக்கு முக்கியம் தண்ணி புழங்குற இடம். பாத்ரூமைக் காட்டுங்க.”

மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விளக்கம் குனிந்து, “அத்தை! இவங்க டாக்டர்!” என்று கத்தினார்.

“பல் டாக்டர்தானே?” என்றார் மாமியார், சாதாரணக் குரலில். “அன்னிக்கே சொன்னீங்களே மாப்பிள்ளை, கேள்வி கேட்டே உசுர வாங்குறாங்கன்னு.”

டாக்டர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஆர்வமாக அருகில் வந்தார்.

“உங்ககிட்டயா சொன்னாரு?”

“என் பொண்ணுகிட்ட. அந்தப் பக்கத்து ரூம்ல. எனக்கு இதுல கேக்கும்.” மாமியார் கைத்தடியால் சுவிட்சைக் காட்டினார். “வேலை பாத்த காலத்துல கூட இவ்வளவு சுத்தமா லைன் கிடைச்சதில்ல.”

முதலாளி மெதுவாக முன்னே வந்தார். “என்னைப் பத்தி ஏதாவது...?”

மாமியார் சற்று யோசித்தார். “நல்லதா ஒண்ணும் ஞாபகம் வரலைங்க.”

அதற்குள் டாக்டர் குளியலறைக்குள் போயிருந்தார். விளக்கம் பின்னாலேயே ஓடினார். டாக்டர் சுவரின் அடிப்பகுதியைக் கூர்ந்து பார்த்தார், கட்டை விரலால் மெல்ல அழுத்தினார். விரல் நகம்வரை உள்ளே போனது. மேலேயிருந்து ஒரு டைல்ஸ் கழன்று விழுந்து சுக்குநூறானது.

“சொத்தை” என்றார் டாக்டர். “உள்ள மொத்தமும் போயிடுச்சு. மேல மட்டும் பூசி வெச்சிருக்கீங்க. என்ன போர்டு இது?”

“வெ... வெள்ளை மேடம்.”

“பச்சைன்னீங்க?”

விளக்கத்திடம் விளக்கம் இல்லை.

வேலை போய்விட்டது என்றே அவர் நினைத்தார். அவருக்கு வந்த விதி அதைவிட விசேஷம். டாக்டர் அம்மா மறுநாளே கடைக்கு வந்து, தண்ணீர்ப் பக்கத்துக்கு சிமெண்ட் போர்டு, நோயாளி அறைகளுக்கு நடுவே பஞ்சு, கருவி அறைக்கு ரோஸ் என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தார். “இவர் வாயால சொன்னப்போ நம்பிக்கை வரலை. போடாட்டி என்ன ஆகும்னு கண்ணால பாத்ததும் வந்துடுச்சு” என்றார். முதலாளிக்கு மூளையில் விளக்கு எரிந்தது.

“சுவரைத் தொடாதீங்க” என்று விளக்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். “அப்படியே இருக்கட்டும். சந்தேகப்படுற ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.”

அன்று மாலையே மனைவி, யாரையும் கேட்காமல், அம்மாவின் கட்டிலை ஆபீஸ் ரூமுக்கு மாற்றினாள். யோசிக்கிற மேஜை பூஞ்சை அறைக்குப் போனது. அதன்பின் கார் காராக ஆள்கள் வந்தார்கள். சுற்றிக் காட்டுவது மாமியார். “இங்க விரலை வெச்சுப் பாருங்க, பயப்படாதீங்க. இப்ப அந்த ரூம்ல போய் என்னைத் திட்டிப் பாருங்க, இங்க கேக்கும்” என்பார். வந்தவர்கள் கூச்சப்பட்டால், “மாப்பிள்ளை, நீங்க போய்த் திட்டுங்க, உங்களுக்குத்தான் பழக்கம்” என்பார். விளக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். திட்டு வராது. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் திரும்புவார். விற்பனை எகிறியது. முதலாளி அவரைத் தோளில் தட்டினார். அதைவிட அறைந்திருக்கலாம்.

எதற்கும் ஒரு முடிவு வேண்டும் அல்லவா? முன்பின் தெரியாதவர்கள் செருப்போடு வீட்டுக்குள் நடமாடுவது மனைவிக்கு அலுத்துவிட்டது. விளக்கம் கடையில் இருந்த நேரத்தில் அவள் ஃபிட்டரை வரவழைத்து, பழையதையெல்லாம் பிய்த்து எறியச் சொன்னாள். குளியலறையில் சிமெண்ட் போர்டும் பச்சையும் ஏறின. நடுச்சுவருக்குக் கனமான போர்டு, இரண்டு அடுக்கு, உள்ளே திணிக்கத் திணிக்கப் பஞ்சு. சுவிட்சுப் பெட்டிகள் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போயின. மாமியார் தம் அறைக்குத் திரும்பினார். ஆபீஸ் ரூமை மனைவி தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

சரக்கு வேறு கடையிலிருந்து வந்தது என்று தெரிந்து முதலாளி குதித்தார். விளக்கம் வீட்டுக்கு வந்து, “ஏன் இப்படிப் பண்ணின?” என்று கேட்டார்.

“உங்க கடையில நிறையப் பேசுவாங்க. எனக்கு போர்டு மட்டும் போதும்” என்றாள் மனைவி.

முதலாளியின் கோபத்தையும் மீறி விளக்கத்துக்கு உள்ளூர ஒரு நிம்மதி. சுவர் கெட்டியாகிவிட்டது. நெடுநாள் வாயைக் கட்டி வைத்திருந்தவர் படுக்கையறைக்குப் போனார், சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

“இங்க பாரு, உங்கம்மா இருக்காங்களே...”

மனைவி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அம்மா காதில் விழுமே என்றும், பிறகு வந்து போகிறவர்கள் காதில் விழுமே என்றும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாள். இப்போது அதெல்லாம் வந்தது. கைத்தடியில் தொடங்கியது. சமையலைப் பற்றிய போன் பேச்சு, கடையில் அவர் சொல்லும், மருந்துக்குக்கூட உண்மை இல்லாத அந்தக் கடைசி வரி, கல்யாணத்தில் அவர் பேசிய பேச்சு என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. விளக்கம் கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“மெதுவா, மெதுவா. அத்தைக்குக் கேக்கப்போகுது.”

“கேக்காது. பஞ்சு வெச்சிருக்கு” என்று அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மறுநாள் காலையில் காபியை ஆற்றியபடி மாமியார் மகளைக் கூப்பிட்டார்.

“நேத்து ஒண்ணுமே கேக்கலையேடி. மாப்பிள்ளை மூஞ்சி வேற ஒரு மாதிரி இருக்கு. என்ன நடந்துச்சு?”

மகள் கட்டிலில் கால் மடித்து உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள்.