அப்பா தவறவிட்ட மயில்

அப்பாவின் துவக்கு அவரைவிட வயதானது. இரட்டைக் குழல். வெடித்திருந்த மரப்பிடியைச் செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார். புலம்பெயர்ந்து வந்த பிறகு மவுண்ட் வெல்லிங்டனில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில் ஓய்வு பெற்றுப் போன ஒருவர் அதை அவருக்கு விற்றார். அப்பா முறையாக உரிமம் எடுத்தார், அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டியிருக்கிறதா என்று நான் தினமும் இழுத்துப் பார்ப்பேன்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் புக்கெகோஹி என்ற ஊரில் ஒரு தோட்டக்காரரின் கொட்டிலில் வெங்காயம் பொதி செய்யப் போனேன். அவருடைய குளத்தில் அப்பா வாத்து சுடலாமா என்று கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அவர் அரை நொடியில் சரி என்றார். அதன் பிறகு வருடத்தில் அப்பா எதிர்பார்த்த மாதம், வாத்து வேட்டைக்கு அனுமதி தொடங்குகிற மே ஒன்றுதான்.

வாத்தை எடுத்து வருவது என் வேலை. வேலி தாண்டும்போதெல்லாம் கேட்பேன்.

"அப்பா, தோட்டாவைக் கழட்டினீங்களா?"

"இந்தா பார் பிள்ளை, வெறுங்குழாய்." துவக்கை மடித்துக் காட்டுவார். "உன்னைக் கூட்டிக்கொண்டு வாறதைவிட ஒரு பொலிஸ்காரனைக் கூட்டிக்கொண்டு வரலாம்."

மூன்றாம் வருடம் தோட்டக்காரர் டிராக்டரில் வந்து இறங்கினார். காட்டு மயில்கள் முட்டைக்கோவா நாற்றை எல்லாம் கொத்தித் தின்கின்றன, வாத்தோடு அதுகளையும் சுட்டுவிடுங்கள் என்றார். அடுத்த வருடம் குளத்தைக் கேட்டு இன்னொருவரும் வந்திருக்கிறார் என்றும் சொன்னார். அப்பா சிரித்தபடி "நோ ப்ராப்ளம்" என்றார். அவர் முகம் வெளுத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

சற்று நேரத்தில் ஒரு ஆண் மயில் வேலிக் கட்டையில் வந்து குந்தியது. தோட்டக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா துவக்கைத் தூக்கினார். குழல் மயிலைப் பார்க்கவில்லை, மேகத்தைப் பார்த்தது. வெடித்தது. மயில் கத்திக்கொண்டு மரத்துக்குப் பறந்தது.

"தவறிட்டுது," என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறும் தவறியது. தோட்டக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண் டாக்டரிடம் போகச் சொன்னார். பறக்கிற வாத்தை ஒரே வெடியில் விழுத்துகிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு "யெஸ், யெஸ்" என்றார்.

வீட்டில் அம்மாவும் விடவில்லை. "முருகன்ர கொடியில இருக்கிற சேவலைக் கறி வைச்சுத் தின்னுறவர், வாகனத்துக்கு மட்டும் உருகிறார்!"

"கொடி வேற, வாகனம் வேற. நீர் சும்மா இரும்."

திங்கட்கிழமை தோட்டக்காரர் நேராக என்னிடம் வந்தார். "உன் அப்பா பறக்கிற வாத்தைச் சுடுகிறார். கட்டையில் உட்கார்ந்திருக்கிற மயிலை எப்படித் தவறவிடுகிறார்?"

என் கையிலிருந்த வெங்காயம் விழுந்து உருண்டது. வேலையும் போச்சு, குளமும் போச்சு என்று நினைத்தேன். கண் சுகமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு: "அது எங்கள் சாமி ஏறிப் போகிற பறவை."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வாத்தில் யாராவது ஏறுகிறார்களா?"

"இல்லை," என்றேன். சொன்ன பிறகுதான் சரஸ்வதியின் அன்னம் நினைவுக்கு வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"சரி. நாற்றுக்கு வலை போடுகிறேன். அடுத்த வருடமும் குளத்துக்கு அவரே வரட்டும். மேகத்தைச் சுட்டுத் தோட்டாவை வீணாக்க வேண்டாம் என்று சொல்."

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். அன்னமும் வாத்தும் ஒரு சாதியா என்றும் பயந்து பயந்து கேட்டேன்.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப எனக்குக் குறி தவறேல்லை எண்டு அந்த மனுசனுக்குத் தெரியும்?"

"ஓம் அப்பா. நல்லாத் தெரியும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வாத்துக் கறிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.