காசி பாரின் நான்காவது குத்தகைக்காரர்

பல்லடம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அரசு மதுக்கடை இருக்கிறது. அதன் பின்புறம் உள்ள தகரக் கொட்டகைதான் பார். பனியன் கம்பெனி ஆட்கள் அதைக் ‘காசி பார்’ என்பார்கள். அப்படியொரு பலகை அங்கே கிடையாது. காசிமாயன் அங்கே சமையல்காரர்; அவருடைய குடல் வறுவலால் வந்த பெயர் அது. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், குடிக்காதவர்.

கட்டடம் முதலில் நூல் குடோனாக இருந்தது, பிறகு தனியார் ஒயின்ஸ். மதுக்கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின் பாரை மட்டும் டெண்டரில் விட்டார்கள். முதல் குத்தகைக்காரர் ஒரு கட்சிக்காரர். காசிமாயனை அடுப்பில் நிறுத்தியவர் அவர்தான். கட்சி தோற்றதும் வருவதை நிறுத்திக்கொண்டார். அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்; கூட்டம் சேர்ந்தால் “உள்ள தள்ளிப் போங்க” என்று பழக்கத்தில் சொல்லிவிடுவார். மூன்றாமவர் வேல்குமார், சாயப்பட்டறை மூடியதால் தொழில் மாறியவர். நெஞ்சுவலி வந்து அவரும் விலகினார்.

கட்டட உரிமையாளர் வெள்ளியங்கிரி சமையலறைக்கே வந்தார்.

“ஏப்பா காசி, இன்னும் எத்தனை பேருக்கு நான் ஒப்புதல் எழுதிக் குடுக்கறது? நீயே டெண்டர் போட்டுரு.”

“எனக்கெதுக்குங்கய்யா அதெல்லாம்?”

“அல்லாரும் உம் பேரைத்தான் சொல்றாங்க. உரிமமும் உம் பேர்லயே இருக்கட்டும்.”

கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மனைவி நதியாவுக்கு இது பிடிக்கவில்லை. “அடுப்புல நின்னா சமையக்காரரு. கல்லாவுல உக்காந்தா அங்க நடக்குற அம்புட்டுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்” என்றாள். காசிமாயனுக்கோ ‘காசி பார்’ என்று கேட்டாலே சந்தோஷம்; உள்ளூர ஆசையும் இருந்தது. டெண்டர் போட்டார், கிடைத்தது. குடல் வறுவலுக்கு வேறு ஆள் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் உட்கார்ந்தார்.

நான்காவது மாதம், ஒரு சம்பளச் சனிக்கிழமை சாயங்காலம், அனுசுயா என்ற பெண் வாசலில் வந்து நின்றாள். அவள் கணவன் இளங்கோ பனியன் கம்பெனியில் மோட்டார் தையல் மெஷின் ஓட்டும் பவர் டேபிள் டெய்லர். தினமும் வருகிறவன்.

“அண்ணா, இந்தப் பாருக்கு ஓனர் நீங்கதானுங்களா?”

இதற்கு முன்பும் பெண்கள் இப்படி வந்து கேட்டதுண்டு. ‘நான் சமையல் ஆளுத்தா’ என்று சொல்லித் தப்பித்துவிடுவார். இப்போது தலையாட்டினார்.

“அவரை உள்ள உடாதீங்கண்ணா. நீங்க சொன்னாக் கேப்பாருங்க.”

“சரித்தா. விட மாட்டேன்.”

சொன்னபடியே அன்று இளங்கோவை வாசலில் மறித்தார். “வீட்டுக்குப் போய்யா” என்றார். இளங்கோ சண்டை போடவில்லை. முன்புற மதுக்கடையில் பாட்டிலை வாங்கிக்கொண்டு வாய்க்கால் பாலத்துக்குப் போனான். அங்கே தனியாகக் குடித்தவன் எழுந்திருக்கும்போது கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டான்.

மறுநாள் காசிமாயன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டில் ஓரம் வைத்தார். அனுசுயாதான் முதலில் பேசினாள்.

“உங்க மேல தப்பில்லீங்கண்ணா. நாந்தான் கேட்டேன். ஆனா, உங்க பாருலயே உக்காந்திருந்தா முழுசா ஊடு வந்து சேந்திருப்பாரோன்னு நெனப்பு ஓடிட்டே இருக்குதுங்க.”

இளங்கோவை உள்ளே விட்டிருக்க வேண்டுமா, கூடாதா என்று காசிமாயன் நதியாவிடம் பல நாள் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. குத்தகை முடிகிறவரை வாசலில் உட்கார்ந்தார். ஆனால் பெண்கள் யாராவது சந்துக்குள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அடுத்த டெண்டரில் அவர் பங்கெடுக்கவில்லை. புதிதாக எடுத்தவர் மாதவன் என்ற இளைஞர். அவரிடம் காசிமாயன் பழைய வேலையையே கேட்டார்.

“ஓனரா இருந்துட்டு மறுபடி அடுப்புலயா?” என்று மாதவன் ஆச்சரியப்பட்டார்.

“அங்க நின்னாத்தான் எனக்குக் கை ஓடுது தம்பி.”

புதுக் குத்தகை தொடங்கி ஏழு மாதம் கழித்து இளங்கோ சற்றே சாய்ந்த நடையோடு வந்து, மூலை மேஜையில் உட்கார்ந்து குடல் வறுவல் சொன்னான். காசிமாயன் வறுத்துக் கொடுத்தார். மாதவன் கொட்டகைக்கு மின்விசிறிகள் போட்டு, பெரிய எழுத்தில் தன் பெயரோடு பலகையும் மாட்டியிருக்கிறார். ஆட்கள் இன்னும் காசி பார் என்றே சொல்கிறார்கள். அதைக் கேட்டால் காசிமாயனுக்கு முன்போல் சந்தோஷம் வருவதில்லை.